காலி எடை

ஒரு கொட்டகையில் ஒரு சக்கர வீடு ஏழு மழைக்காலமாகத் தனியே நின்றது. அதற்கு இன்ஜின் கிடையாது. யாராவது வந்து இழுத்தால்தான் உண்டு.

ஒருநாள் ஒரு ஜீப் வந்து, "எவ்வளவு கனம் இருப்பீங்க?" என்று கேட்டது.

"ஒரு டன்தான்" என்றது வீடு. கட்டிலையும் அடுப்பையும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியையும் அது சேர்த்துச் சொல்லவில்லை.

"ரெண்டு டன்னையே அலுங்காம இழுப்பேன்" என்றது ஜீப்.

வீட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஜீப் கிளம்பியது. மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் மூச்சுவாங்கி நின்றுவிட்டது.

"நான் சொன்னது காலி எடை" என்று வீடு மெல்ல ஒப்புக்கொண்டது. "உள்ளதைச் சொன்னா யாரும் நிக்கிறதில்ல."

"நான் சொன்னதும் சமதரைக் கணக்குதான்" என்றது ஜீப். "எனக்கும் ரொம்ப நாளா பின்னாடி யாருமில்ல."

பனி இறங்கியது. கொக்கியைக் கழற்றும் பேச்சை இரண்டுமே எடுக்கவில்லை.