கத்தி தீட்டும் கல்

மலேசியாவின் லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் இருந்த சடையப்பப் புலவரின் கல்லறையைப் புதுப்பிக்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஜெயபாலன், கல்லைப் பார்த்துக் கொதித்தார்.

"அவரோட கடைசிப் பாட்டை இதுல செதுக்கியிருந்தாங்களே! ஒரு எழுத்துகூட இல்லையே?"

"ரப்பர் மரத்துல பால்வெட்டுற ஆளுங்க தினமும் இதுலதான் கத்தி தீட்டுறாங்க. தேய்ஞ்சிருச்சு. நடையக் கட்டுங்க," என்றார் தோட்ட ஆட்களை வேலை வாங்கும் வீரணக் கங்காணி. பத்து வருட வயிற்றெரிச்சல் அடங்கிய மாதிரி இருந்தது அவருக்கு.

"இங்கதான் தீட்டணும்னு உத்தரவு போட்டதே நீங்கதானே, கங்காணி?" என்றாள் பால்வெட்டும் ராசம்மா, அந்தக் கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"வாய மூடு, கழுதை!" பிரம்பை ஓங்கினார்.

அவள் அசரவில்லை. "தீட்டும்போதெல்லாம் ஒருத்தர் கல்லுல இருந்த பாட்டைப் படிப்பாங்க, மத்தவங்க பாடுவோம். இப்ப எல்லாருக்கும் மனப்பாடம்ங்க," என்று ஜெயபாலனிடம் சொல்லிவிட்டுப் பாடினாள். கத்தி தீட்ட வரிசையில் நின்ற நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்:

"பிரம்பைப் பிடுங்கினாப் பேடியடா, நம்ம வீரணக் கங்காணி!"