மெத்தென்ற நாற்காலி

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கால்பலகை இருந்தது. குள்ளமான டாக்டர் ஜமுனா அதன்மேல் ஏறி நின்றுதான், வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு ஹெர்னியா ஆபரேஷன் செய்வார். கைகளைத் தூக்கியபடியே வேலை செய்துவிட்டு, வலிக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கால்பலகைக்கு மனசு கேட்காது.

பிறகு ஆபரேஷன் செய்யும் ரோபோ வந்தது. கூடவே, டாக்டர் உட்கார்ந்து அதை இயக்க ஒரு நாற்காலியும் வந்தது. கால்பலகையை மூலையில் தள்ளினார்கள். போகட்டும், டாக்டரம்மாவின் தோள் தப்பித்ததே என்று அது நிம்மதியாகக் கிடந்தது.

ஒருநாள் சாயங்காலம் டாக்டர் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்து போனார்.

"என்னப்பா இது? உட்கார்ந்துதானே செய்தார்?" என்று பதறியது கால்பலகை.

"உட்கார்ந்துதானே செய்கிறார் என்றுதான் அண்ணே, ஆஸ்பத்திரிக்காரர்கள் கேஸ்மேல் கேஸாகப் போடுகிறார்கள். ரோபோவை இயக்கும் பெட்டிக்குள் படத்தைப் பார்க்கக் குனிந்த தலை நிமிரவே இல்லை" என்றது நாற்காலி.

"முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"சொன்னாரே. இன்னும் மெத்தென்று ஒரு நாற்காலி வாங்கித் தருகிறோம் என்றார்கள்."

கால்பலகை நாற்காலியின் மெத்தையைப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளிக்கொள் அண்ணே," என்றது நாற்காலி. "நாளைக்கு நானும் அந்த மூலைக்குத்தான் வருகிறேன்."