அறுபது சென்டிமீட்டர்

நியூசிலாந்தின் டனீடின் நகரில் தனியாக இருந்த ஹாகர்ட் அம்மாளின் பழைய வீட்டுக்கு, கூரைக்கடியில் குளிர் தடுக்கும் கம்பளிப் பாய் பதிக்க ரேவி போனான். அவள் முகம் கொடுத்தே பேசவில்லை.

"எனக்கொண்ணும் குளிரல. ஆக்லாந்துல இருக்குற எம் பையன் அனுப்புனா உடனே வந்துடுவியா?"

"ரெண்டு மணி நேர வேலைதாம்மா."

"மேல ஆள் நடமாடுனா இந்த வீட்டுக்குப் புடிக்காது."

ரேவி சிரித்தபடி தன் ஏணியைச் சாத்தி, அறையின் உட்கூரையிலிருந்த திறப்பு வழியாகக் கூரைக்கடியிலுள்ள இடுக்குக்குள் ஏறினான். கூரையைத் தாங்கும் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே அளந்தான். அறுபது சென்டிமீட்டர். அந்த அளவுக்கே பாயை வெட்டினான், நுழையவில்லை. திரும்ப அளந்தபோது ஐம்பத்திரண்டு இருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி வெட்டினான். அதற்குள் நாற்பத்தைந்து ஆகிவிட்டது. கட்டைகள் அசையவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

பாயை அப்படியே விட்டுவிட்டுத் திறப்புக்கு ஊர்ந்து வந்தான். தலை நுழைந்தது. தோள் நுழையவில்லை.

"அம்மா, மாட்டிக்கிட்டேன்! யாரையாச்சும் கூப்பிடுங்க!"

"கத்தாத தம்பி. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

அவள் ரேவியின் ஏணியை மடக்கித் தூக்கிப்போய், கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்த மற்ற நான்கு ஏணிகளோடு வைத்தாள்.