அரைக்கைச் சட்டை

அரைக்கைச் சட்டை போட்டு வரும்படி கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார். நீதிபதிக்குக் கை தெரிய வேண்டுமாம்.

அதனால் கைமுக்கி சார் கோர்ட் வராந்தா பெஞ்சில், வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்தார். மார்போடு கட்டினார். கடைசியில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் போட்டுக்கொண்டார்.

ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பட்டப்பெயர் அவரை விட்டபாடில்லை. களைக்கொல்லி கம்பெனியின் சேல்ஸ்மேனாக இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். பூங்கா, விளையாட்டு மைதானம், கல்லூரித் தோட்டம், எங்கே போனாலும் ஒரே வித்தைதான். தன் கேனிலிருந்து வாளியில் ஊற்றிக் கலக்குவார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரைக்கும் முக்குவார். சொட்டச் சொட்ட உயர்த்திக் காட்டுவார். இந்த மருந்து புல்லுக்குத்தான் எமன், மனுஷனை ஒன்றும் செய்யாது என்பார்.

தொழிலில் ஆள் கெட்டி. கேனைத் தானேதான் நிரப்புவார், தானேதான் தூக்குவார். உதவிக்கு வந்தவர்களைக்கூடத் தொட விட்டதில்லை. சிலர் அதைப் பொறுப்பு என்றார்கள், சிலர் கிறுக்கு என்றார்கள்.

எதிர் பெஞ்சில், கேஸ் போட்ட தோட்டக்காரர். மைதானத்துப் புல்தரையைப் பதினாறு வருஷம் பார்த்துக்கொண்டவர். ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்த மனுஷன். இப்போது சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கழுத்தில் கட்டியாகத் தொடங்கிய புற்றுநோய். தண்ணீர் பாட்டிலோடு மகள் பக்கத்தில் இருந்தாள்.

கம்பெனி ஆள் கையை முக்கிக் காட்டியதை நம்பித்தான் வெறுங்கையோடு மருந்தடித்தேன் என்பது அவர் வழக்கு. கம்பெனி அதை மறுக்கவே இல்லை. ஆமாம், முக்கினார், எங்கள் ஆள்தான், அறுபத்து நாலு வயதிலும் எப்படிக் கிண்ணென்று இருக்கிறார் பாருங்கள் என்று காட்டத்தான் சாரைக் கூட்டி வந்திருந்தது. இவர் கூண்டில் ஏறி இறங்கினால் கேஸ் முடிந்தது என்று வக்கீல் காரிலேயே சிரித்தார்.

சாருக்கு அந்த முதல் நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேரில் இந்தத் தோட்டக்காரர் மட்டும்தான் கிளவுஸோடு நின்றார். கை நனையக் கூடாதோ, புது மாப்பிள்ளையோ என்று சார்தான் கிண்டல் பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். தோட்டக்காரரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே கிளவுஸைக் கழற்றிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து, அதை நினைத்தால் சாருக்குச் சோறு இறங்குவதில்லை.

முகத்தைப் பார்க்காமல் தப்பித்துவிடலாம் என்று தலையைக் குனிந்து, செய்தித்தாளில் ஒரே வரியை நாலு தடவை படித்தார். செருப்புச் சத்தம் ஒன்று எதிரே வந்து நின்றது.

தோட்டக்காரர்தான். மகள் சொல்லியும் கேட்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். திட்டப்போகிறார் என்று சார் நினைத்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளை நகர்த்தி, சாரின் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே சார்? எங்களவிட நீங்கதானே அதிகமா முக்குனீங்க. நல்லாத்தான் இருக்கேன்னு சும்மா இருந்துடாதீங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

சாருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படிக் கூனிக் குறுகியிருக்க மாட்டார்.

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்திக் காட்டச் சொன்னார். உயர்த்தினார். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கையை அந்த மருந்தில் எத்தனை தடவை முக்கியிருப்பீர்கள் என்று வக்கீல் கேட்டார். ஆயிரம் தடவையாவது இருக்கும் என்று சொல்லும்படி முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“ஒரு தடவைகூட இல்லைங்க. அது வெறும் தண்ணி.”

ரெண்டு சொட்டுச் சோப்பு, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் சாயம், அவ்வளவுதான். கம்பெனிக்குத் தெரியாது. கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது. வேலையில் சேர்ந்த வாரம், கேன் லேபிளில் பொடி எழுத்தில் இருந்ததை ஒரு தடவை முழுசாகப் படித்தார். படித்ததும் பயந்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாளும் அந்த மருந்து அவர் மேல் பட்டதில்லை.

வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

முன்வரிசையில் இருந்த தோட்டக்காரர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, சாருக்கு ஒன்றுமில்லை என்பதுபோல மகளைப் பார்த்துத் தலையாட்டினார். மகள் தலையாட்டவில்லை.

அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருந்தது. அதுவரைக்கும், தூக்கின கையை இறக்கத் தெரியாமல் சார் அங்கேயே நின்றார்.