சுருதி தப்பிய ஹலோ

"பாடத் தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டாவது இருக்கலாம்ல?"

மாரிட் இதைப் பாட்டு வகுப்புக்கு வரும் வெண்டலிடம் சொல்லவில்லை. காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மகன் நெல்ஸிடம் சொன்னாள். மின்னசோட்டாவில் அப்படித்தான். முகத்துக்கு நேரே யாரும் யாரையும் எதுவும் சொல்லிவிட மாட்டார்கள்.

நெல்ஸ் பதில் சொல்லவில்லை. அவன் யாருக்குமே பதில் சொல்வதில்லை. மூன்று வயது ஆகப்போகிறது. பசித்தால் கையைக் காட்டுவான், பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவ்வளவுதான்.

"காதும் நல்லா இருக்கு, நாக்கும் நல்லா இருக்கு. நாலு பிள்ளைங்களோட சேர்ந்து பாடட்டும், தானா வரும்" என்று டாக்டர் சொன்னதால்தான் சனிக்கிழமைதோறும் இந்தப் பாட்டு வகுப்பு.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் வட்டமாக உட்காருவார்கள். ஆசிரியை மிஸ் பெவ் கிட்டாரை எடுத்ததும், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி எல்லாரும் 'ஹலோ' பாட வேண்டும். பெற்றோரும் கட்டாயம் பாடியாக வேண்டும். வகுப்பின் ஒரே விதி அதுதான்.

மாரிட்டுக்கு அதில் பிரச்சினையே இல்லை. சர்ச் பாடகர் குழுவில் அவள் முதல் வரிசை. அவள் ஆரம்பித்தால் மற்ற அம்மாக்கள் குரலைக் குறைத்துக்கொண்டு கேட்பார்கள். அவளுக்கும் அது பிடிக்கும்.

குறைத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான். மகள் ஜூனியோடு வரும் வெண்டல்.

தாடியில் பனி ஒட்டியிருக்கக் கடைசி ஆளாக உள்ளே வருவார். மாரிட்டுக்கு நேரெதிரே சம்மணம் போடுவார். பிறகு பாடுவார், யாரோ மாடியில் இரும்புக் கட்டிலை இழுப்பது மாதிரி. 'ஹலோ'வில் மேலே ஏற வேண்டிய இடத்தில் தடாலென்று கீழே விழுவார்.

"அவர் பாடுறது... வித்தியாசமா இருக்குல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா. இந்த ஊரில் வித்தியாசம் என்றால் சகிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒருநாள் மாரிட் அவரிடமே மிக மென்மையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"பரவாயில்லைங்க வெண்டல். வீட்டில கொஞ்சம் பழகினா வந்துடும்."

"பழகுறேங்க" என்றார் அவர் பணிவாக. அடுத்த வாரம் இன்னும் பலமாகப் பாடினார்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மிஸ் பெவ்வைத் தனியாகப் பிடித்தாள்.

"எனக்காகச் சொல்லலைங்க. இந்த வயசுல பிள்ளைங்க காதுல எது விழுதோ அதுதானே நிக்கும்? நெல்ஸுக்குச் சரியானது விழணும்."

மிஸ் பெவ் கிட்டார் உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சொல்றேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வெண்டல் பாடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார்.

மாரிட்டின் குரல் எந்த இடைஞ்சலும் இல்லாமல் அறை முழுக்க நின்றது. மற்ற அம்மாக்களும் இத்தனை நாளாக உதட்டைத்தான் அசைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் கிலுகிலுப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

நெல்ஸின் முறை வந்தது.

அவன் அம்மாவின் மடியிலிருந்து இறங்கினான். வகுப்பில் அவன் மடியை விட்டு இறங்கியதே கிடையாது. வட்டத்தைக் குறுக்கே கடந்து போய் வெண்டலின் தாடியைப் பிடித்து இழுத்தான். பிறகு, பூட்டிய கடையின் ஷட்டரைத் தட்டுவது போல அவர் வாயைத் தட்டினான்.

வெண்டல் மிஸ் பெவ்வைப் பார்த்தார். மிஸ் பெவ் மாரிட்டைப் பார்த்தாள். மாரிட் தலையசைத்தாள்.

"ஹலோ நெல்ஸ்..." ஏற வேண்டிய இடத்தில் தடால்.

"ஹ...லோ நெல்ஸ்."

பாடியது நெல்ஸ். அவனும் அதே இடத்தில் தடாலென்று விழுந்தான். இம்மி பிசகாமல்.

வகுப்பு முடிந்து, வாசலில் வரிசையாகக் கிடந்த பனி பூட்ஸ்களைப் பிள்ளைகளுக்கு மாட்டும்போது மாரிட் வெண்டல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க. மிஸ் பெவ்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். வேற யாருக்கு இங்க அவ்வளவு நல்ல காது?"

"கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. நிஜமாவே சுருதி பிடிபடலையா உங்களுக்கு?"

ஜூனியின் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே வெண்டல் அந்த ஒரு வரியை மெதுவாகப் பாடினார். ஏற வேண்டிய இடத்தில் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மாரிட்டின் குழுவில் அப்படி ஒரு கனத்த குரல் கிடையாது.

ஜூனி சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். "அப்படிப் பாடாதப்பா. நம்ம பாட்டைப் பாடு."

"பார்த்தீங்களா? ஊர் ஊரா மேடையேறிப் பாடினவன்ங்க நான். நான் பாட ஆரம்பிச்சா இவ வாயையே திறக்க மாட்டா. ஒரு தடவை சளி பிடிச்சுத் தொண்டை கட்டிக்கிச்சு, தவளை மாதிரி கத்தினேன். சிரிச்சுக்கிட்டே கூடப் பாட ஆரம்பிச்சிட்டா. அதோட நல்லா பாடுறதை விட்டுட்டேன்."

மாரிட் நெல்ஸின் காலைப் பூட்ஸுக்குள் நுழைத்தபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஹலோ நெல்ஸ்..."

பழக்க தோஷம், குரல் தானாக மேலே ஏறியது. நெல்ஸ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

மறுபடி முயன்றாள். கீழே விழத்தான் பார்த்தாள். குரல் விழாமல் இன்னொரு சுரத்தில் போய் அழகாக நின்றது.

வெண்டல் அவள் பக்கம் குனிந்து மிக மென்மையாகச் சொன்னார்.

"பரவாயில்லைங்க மாரிட். வீட்டில கொஞ்சம் பழகினா வந்துடும்."