இன்னும் மூன்றாம் தேதி

1998 நவம்பர் மூன்று, சான்டா கிளாராவில் மாலை நாலு மணி. பொள்ளாச்சியிலிருந்து நாத்தனார் பேசினாள். அங்கே நாலாம் தேதி விடியப்போகிறது.

"அண்ணி, அப்பா போயிட்டாருங்க. அண்ணன்கிட்ட சொல்லிருங்க."

வசுமதி ஃபோனை வைத்துவிட்டுக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கயலுக்கு இன்று எட்டு வயது. இந்தத் தேதியில் ஒரு சாவு விழக் கூடாது. பார்ட்டி முடியட்டும், அப்புறம் அவரிடம் சொல்லலாம்.

ஆறு மணிக்கு வந்த கணவன் திருமூர்த்தி, ஆபீஸ் பையிலிருந்து தன் நோட்டை எடுத்தான். அதில் தேதிக்கு ஒரு பக்கம். அன்று நடந்தது, பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று உலகமும் குடும்பமும் கலந்து எழுதியிருப்பான்.

"கயல் பொறந்த தேதியிலதான் ஒரு நாய் ஸ்பேஸுக்குப் போச்சு!" என்று பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினான்.

"பட் அந்த டாக் செத்துப்போச்சே, அப்பா!" என்றாள் கயல்.

"அது வேற பக்கம், கண்ணு. இன்னைக்குப் பொறப்பட்டது மட்டுந்தான்."

எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான். வசுமதியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒன்பது மணிக்குக் கயல் தூங்கிப்போனாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். மாமா..."

அவன் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டி வைத்தான். நாலாம் தேதிக்குக் கீழே 'அப்பா' என்று மட்டும் எழுதியிருந்தது. மை எப்போதோ காய்ந்திருந்தது.

"மத்தியானமே பெரியண்ணன் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிட்டாரு. காலையில ஃபிளைட்."

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் மூணு மணி நேரம் அவ பொறந்தநாள், வசு. அதுவரைக்கும் என்னை அழ வெச்சிராத."