விற்றுப்போன கதை

முள்ளம்பன்றி ஆற்றங்கரையில் கதை சொல்ல உட்கார்ந்தால் காடே கூடிவிடும். எல்லாரும் சேர்ந்தே சிரிப்பார்கள், சேர்ந்தே அழுவார்கள். போகும்போது ஆளுக்கொரு கிழங்கு வைத்துவிட்டுப் போவார்கள். அதில்தான் அதன் வயிறு நிறைந்தது.

அப்போது கழுதைப்புலி ஒரு குகையைத் திறந்தது. ஒருமுறை கேட்ட கதையை மறக்காமல் திருப்பிச் சொல்லும் குகை அது. மாதம் ஒரு பழம் கொடுத்தால் போதும், தனித்தனிப் பொந்தில் படுத்துக்கொண்டு வேண்டுமட்டும் கேட்கலாம். ஆற்றங்கரை வெறிச்சோடியது.

பசி தாங்காமல் முள்ளம்பன்றியும் குகைக்குப் போனது. தாயைத் தேடி அலையும் யானைக்குட்டியின் கதையைச் சொன்னது. பல வருடம் மனசுக்குள் வைத்து வளர்த்த கதை. கழுதைப்புலி ஒரு மூட்டைக் கிழங்கைத் தள்ளிவிட்டு, "இனி இது என் கதை. வெளியே நீ வாய் திறக்கக் கூடாது" என்றது.

கிழங்கு தீர்வதற்குள் குகை அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டது. முள்ளம்பன்றி பதறி ஓடியது.

"பாதியிலேயே எல்லாரும் வேறு கதைக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் அழித்துவிட்டேன்" என்றது கழுதைப்புலி.

"அப்படியானால் திருப்பிக் கொடுங்கள் ஐயா. ஆற்றங்கரையில் சொல்லிப் பிழைத்துக்கொள்கிறேன்."

"நன்றாயிருக்கிறதே! நீ அங்கே சொன்னால் இங்கே யார் வருவார்கள்?"

திரும்பும் வழியில் ஒரு முயல் ஓடிவந்து மறித்தது. "அண்ணே, அந்த யானைக்குட்டிக் கதையைப் பாதிதான் கேட்டேன். மறுநாள் போனால் இல்லை என்கிறார்கள். அன்றிலிருந்து அதே நினைப்பு. கடைசியில் அதற்கு அம்மா கிடைத்தாளா?"

முள்ளம்பன்றி குகை இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதப்பா" என்றது.